‘இன்றிரவு பொரிக்கிறோம்’: கேரி ஆன் ஸ்க்ரீமிங் படத்தை மறுபடி பார்ப்பது பற்றி

“சிறுவயதில் எனக்கு உயிராக இருந்த படம் கேரி ஆன் ஸ்க்ரீமிங். பல ஆண்டுகள் கழித்து மறுபடி பார்க்க ஆசை. பார்த்தால் பழைய இனிப்பு கசந்துவிடுமோ என்று தயக்கம். பார்க்கலாமா, விட்டுவிடலாமா?” என்பது கேள்வி.

பாருங்கள். நானும் இதே தயக்கத்தோடு வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு, போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை இரவு மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அதற்குப் பிறகு தனியாக இரண்டு முறை பார்த்துவிட்டேன். கசக்கவில்லை. ஓரிடம் மட்டும் தைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அன்று நீங்கள் பார்த்த படம் இன்று அப்படியே வராது. நான் அன்று பார்த்தது பேய்ப்படம். இன்று பார்ப்பது, பேய்ப்படங்களைக் கேலி செய்து 1966இல் பிரிட்டனில் எடுத்த நகைச்சுவைப் படம். இரண்டும் அதே 97 நிமிடத்துக்குள்தான் இருக்கின்றன.

நாங்கள் லண்டனுக்கு வந்தது 1986இல். எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினொன்று. பள்ளிக்கூடத்தில் சமாளிக்கப் போதுமான ஆங்கிலம்தான் தெரியும். தொலைக்காட்சியில் வரும் படங்களைச் சித்தப்பா வீடியோ நாடாவில் பதிந்து, பெட்டியின் முதுகில் பேனாவால் எண் எழுதி அடுக்கி வைப்பார். இந்தப் படம் பதினேழாம் எண். பதிவைத் தொடங்க அவர் பிந்திவிட்டதால் முதல் சில நிமிடங்கள் நாடாவில் கிடையாது. எடுத்த எடுப்பில் இருட்டுக் காடு, மரத்தடியில் காதலர் இருவர். அவ்வளவுதான். தலைப்பும் பார்த்ததில்லை, பாட்டும் கேட்டதில்லை. இது சிரிப்பதற்காக எடுத்த படம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் முழுப் பேய்ப்படமாகவே பார்த்தோம். காட்டில் காதலியைத் தூக்கிக்கொண்டு போகும் மயிரடர்ந்த ராட்சதன், தன் விரல் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறான். காதலன் அந்த விரலைப் போலீசிடம் கொண்டுவருகிறான். மருத்துவர் ஒருவர் அதற்கு மின்சாரம் பாய்ச்ச, விரல் வளர்ந்து இன்னொரு ராட்சதனாக எழுந்து நிற்கிறது. நகம் நீண்ட அந்த ஒற்றை விரலை நினைத்து நான் எத்தனையோ இரவு போர்வைக்கு வெளியே காலை நீட்டாமல் படுத்திருக்கிறேன். பொதுக் கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் அப்பாவி மனிதர் ஒருவர் அந்தக் கழிப்பறையிலேயே உயிரைவிடுவார். அதன் பிறகு இரவில் கழிப்பறைக்குப் போவதென்றால் அக்கா வாசலில் நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் அந்தத் தொட்டி. டாக்டர் வாட் என்ற விஞ்ஞானியின் வீட்டுக்குள் கொதித்துக் குமிழியிடும் பெரிய தொட்டி. அதில் பெண்களை இறக்கினால் உடல் இறுகித் துணிக்கடைப் பொம்மையாகிவிடும். ஊரில் அப்பம்மா சொன்ன நரகக் கதைகளில் பாவிகளை எண்ணெய்க் கொப்பரையில் போட்டுப் பொரிப்பார்கள் அல்லவா? அந்தக் கொப்பரையை நான் முதன்முதலில் கண்ணால் கண்டது இந்தப் படத்தில்தான். தொட்டியை வைத்து டாக்டர் வாட் குதூகலமாகக் கத்துவது இரண்டே சொற்கள்: “ஃப்ரையிங் டுநைட்!” இன்றிரவு பொரிக்கிறோம். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த எனக்கு அந்த இரண்டு சொற்களும் நன்றாகவே புரிந்தன.

ஒருநாள் அப்பாவோடு கடைக்குப் போகும்போது, எங்கள் தெருமுனை மீன் பொரியல் கடையின் கண்ணாடியில் அதே இரண்டு சொற்களும் விளக்கெழுத்தில் எரிவதைப் பார்த்தேன். அப்பாவின் கையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினேன். பல மாதங்கள் அந்தக் கடைக்கு அக்கா மட்டும் உள்ளே போய் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி வருவார். நான் எதிர்ப்பக்க நடைபாதையில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்பேன்.

பிரிட்டனில் மீன் பொரியல் கடைகள் அந்த வாசகத்தை வாசலில் வைப்பது வழக்கம். இன்று எண்ணெய்ச் சட்டி ஏற்றியாயிற்று, வாருங்கள் என்பதுதான் பொருள். 1966இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொருவரும் அன்று மாலைகூட அந்தப் பலகையைக் கடந்து வந்திருப்பார். உலகத்தை நடுங்கவைக்க வந்த விஞ்ஞானி, உச்சக் காட்சியில், தெருமுனைப் பொரியல் கடைக்காரரின் குரலில் பேசினால் சிரிக்காமல் என்ன செய்வது? எனக்கு அந்தச் சிரிப்பு வந்து சேர முப்பது வருடங்களுக்கு மேல் ஆயின. வந்தபோது சோபாவில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மகள் படத்தை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டாள்.

படத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் 1958 முதல் 1978 வரை முப்பது படங்களாக வந்த கேரி ஆன் வரிசையில் இது பன்னிரண்டாவது. தயாரிப்பு பீட்டர் ராஜர்ஸ், இயக்கம் ஜெரால்ட் தாமஸ், எழுத்து டால்பட் ராத்வெல். 1966 தொடக்கத்தில் பைன்வுட் ஸ்டூடியோவில் எடுத்து அதே ஆண்டில் வெளியிட்டார்கள். ஹோகம் காட்டில் இளம்பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் காணாமல் போகிறார்கள். துப்பறியும் சார்ஜென்ட் சிட்னி பங், உதவியாளர் ஸ்லோபாதமோடு விசாரிக்கப் போய், டாக்டர் வாட்டும் அவர் தங்கை வலேரியாவும் வாழும் மாளிகைக்கு வந்து சேர்கிறார். மிச்சத்தைப் படத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படம் என்னை அன்று ஏன் அவ்வளவு பயமுறுத்தியது? குழந்தைத்தனம் என்று ஒதுக்கிவிட மனமில்லை, ஏனென்றால் இன்று ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்த்தாலும் அது பேய்ப்படமாகவே இருக்கிறது. சோதித்தே பார்த்தேன். காட்டில் தரையோடு தவழும் மூடுபனி, நிலவு படும் மரக்கிளைகள், மாளிகைக்குள் பச்சையும் ஊதாவுமாக விழும் ஒளி, சுவரில் நீளும் நிழல். ஒரு சட்டகத்தில்கூடக் கேலி இல்லை. இந்தப் படத்தின் கேமரா சிரிப்பதில்லை. சிரிப்பெல்லாம் வசனத்தில் இருக்கிறது. வசனம் எட்டாத பிள்ளைக்குக் கேமரா காட்டியது மட்டுமே மிஞ்சியது.

இது தற்செயலாக அமைந்ததல்ல. ஒளிப்பதிவாளர் ஆலன் ஹ்யூம், சில ஆண்டுகளுக்கு முன் ஹேமர் நிறுவனத்துக்கு ‘தி கிஸ் ஆஃப் தி வாம்பயர்’ என்ற அசல் இரத்தக்காட்டேரிப் படத்தை எடுத்துக் கொடுத்தவர். 1965இல் வெளிவந்த ‘டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்’ படமும் அவர் கைவண்ணம். பயமுறுத்தும் தொழிலைப் பழகிய கை அது. பின்னாளில் 1980களில் மூன்று ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவர்தான்.

ஹேமர் என்றால் என்ன என்று தெரியாமல் இந்தப் பகடியின் பாதி பிடிபடாது. தேம்ஸ் ஆற்றங்கரையில் பிரே என்ற ஊரில் ஒரு பழைய மாளிகையையே ஸ்டூடியோவாக்கிக்கொண்டு இயங்கிய சிறு நிறுவனம் அது. 1957இல் பிராங்கன்ஸ்டைன் கதையை வண்ணத்தில் எடுத்து உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. அடுத்து 1958இல் டிராகுலா, 1959இல் மம்மி. அதுவரை கருப்பு வெள்ளையில் நிழலாகத் தெரிந்த இரத்தம் முதன்முறையாகச் செக்கச்செவேலென்று திரையில் வழிந்தது. கிறிஸ்டோபர் லீ, பீட்டர் குஷிங் என்ற இரு நடிகர்களின் பெயர்கள் வீடுதோறும் தெரிந்தவையாயின. அந்தச் சிவப்பு, அந்த வெல்வெட் திரைகள், அந்தக் குதிரை வண்டிகள் எல்லாவற்றையும் கேரி ஆன் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். காட்டைக்கூட விடவில்லை. பைன்வுட்டை ஒட்டியுள்ள பிளாக் பார்க் காட்டில்தான் ஹேமர் படங்கள் பலவற்றின் குதிரை வண்டிகள் ஓடின. இந்தப் படத்தின் காதலர்கள் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். பெண்களைப் பொம்மையாக்கும் கதை 1953இல் ஹாலிவுட்டில் வந்த மெழுகுப் பொம்மைப் படமான ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’ பக்கமிருந்து வந்தது.

இன்னொரு கொசுறுச் செய்தி. மாளிகையின் பட்லராக வரும் ஆறரை அடிக்கும் மேல் உயர்ந்த பெர்னார்ட் ப்ரெஸ்லாவை, 1957ஆம் ஆண்டுப் பிராங்கன்ஸ்டைன் படத்தின் அரக்கன் வேடத்துக்கே பரிசீலித்திருந்தார்கள். அந்த வாய்ப்பு கிறிஸ்டோபர் லீக்குப் போனது. ஒன்பது வருடம் கழித்து ப்ரெஸ்லா இந்த மாளிகையின் கதவைத் திறந்துவிடும்போது, அந்த வேடம் இவருக்குக் கிடைத்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

வசனத்துக்கு வருவோம். நமக்குச் சிலேடை புதிதல்ல. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடிய காளமேகத்தின் மொழி நம்முடையது. ஆகவே ராத்வெல்லின் எழுத்தைத் தமிழ்க் காதால் கேட்டால் தனிச்சுவை கிடைக்கும். விஞ்ஞானியின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வாட் என்றால் மின்சாரத்தை அளக்கும் அலகு. அவரோ இறந்துபோனவர்; அவ்வப்போது உடம்பில் மின்சாரம் ஏற்றிக்கொண்டால்தான் நடமாட முடியும். அதே ஓசைக்கு ஆங்கிலத்தில் “என்ன?” என்றும் பொருள். போலீஸ்காரர் பெயர் கேட்கிறார், அவர் சொல்கிறார், சொன்ன பெயர் கேள்வியாகத் திரும்பி வருகிறது. யார், என்ன என்று இருவரும் சுற்றிச்சுற்றி மோதிக்கொண்டிருக்கையில், ஹூ என்பவர் தன் உறவுக்காரர் என்கிறார் டாக்டர். 1963இல் தொடங்கி அன்று வீடுதோறும் ஓடிக்கொண்டிருந்த ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரைத்தான் இழுக்கிறார். இதில் யாரும் திட்டமிட முடியாத வேடிக்கை ஒன்று உண்டு. விரலுக்கு மின்சாரம் பாய்ச்சி அதனாலேயே உயிரைவிடும் மருத்துவராக நடித்த ஜோன் பெர்ட்வீ, நான்கு வருடம் கழித்து அந்தத் தொடரில் டாக்டர் ஹூவாகவே வந்தார். கழிப்பறைக் காவலராக வரும் சார்ல்ஸ் ஹாட்ரியின் பெயர் டான் டான். “லாவட்டரி மான்” என்பதோடு எதுகை சேர்வதற்காகவே வைத்த பெயர் அது.

இப்படிப்பட்ட இடங்கள் எல்லாம் என் எட்டு வயதுக் காதில் வெறும் இரைச்சலாக விழுந்தவை. இன்று அவை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. மொழி ஒன்றைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டவருக்கு மட்டும் கிடைக்கும் இன்பம் இது. பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசும் என் நண்பர்கள் இந்தப் பகிடிகளை ஒரே நாளில் கேட்டு முடித்துவிட்டார்கள்.

நடிகர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் நின்று பேச ஆசைப்படுகிறேன்: வலேரியாவாக வரும் ஃபெனல்லா ஃபீல்டிங். இடுப்பிலும் கழுத்திலும் இறுக்கிப் பிடித்த சிவப்பு வெல்வெட் கவுன். அதைப் போட்டுக்கொண்டு உட்காரவே முடியாததால் காட்சிகளுக்கிடையே சாய்ந்து ஓய்வெடுக்கப் பலகை ஒன்று கொடுத்தார்களாம். சார்ஜென்ட் பங்கை மயக்கும் காட்சியில் அவர் சாய்ந்தபடி, புகைத்தால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். பங் இல்லை என்கிறார். வலேரியா சிகரெட் எதையும் எடுக்கவில்லை. அவர் உடம்பிலிருந்தே வெண்புகை கிளம்பிக் கவுனைச் சுற்றிப் படர்ந்து இருவரையும் மூடுகிறது. “புகைத்தல்” என்ற சொல்லை அப்படியே நிறைவேற்றிக் காட்டும் சிலேடை அது. அந்தக் கணத்தில் அவர் முகத்தைக் கவனியுங்கள். சிரிப்புக்குரிய ஒன்று நடக்கிறது என்ற பாவனை துளியும் இல்லை. கண் இமைகூட அசையாமல், உண்மையிலேயே புகையும் ஒரு பெண்ணாகவே இருக்கிறார். கேமராவைப் போல அவரும் சிரிக்கவில்லை. அதனால்தான் அந்தக் காட்சி அன்று எனக்கு அச்சமாகவும் இன்று சிரிப்பாகவும் இருக்க முடிகிறது. வெல்வெட்டில் நனைத்தெடுத்தது போன்ற அந்தக் குரலை அடுத்த ஆண்டே ‘தி பிரிசனர்’ தொடரின் ஒலிபெருக்கி அறிவிப்புகளிலும் கேட்கலாம். 2018இல் தொண்ணூறு வயதில் காலமானார். எத்தனையோ மேடை நாடகங்களில் உயர்ந்த வேடங்கள் செய்தவர். உலகம் அவரை நினைப்பது அந்தப் புகையால்தான்.

சார்ஜென்ட் பங் வேடத்தில், கேரி ஆன் படங்களில் வழக்கமாக வரும் சிட் ஜேம்ஸ் இல்லை, ஹாரி எச். கார்பெட் வந்தார். ரங்கூனில் பிறந்தவர், பழைய சாமான் வியாபாரிகளான தந்தை மகன் கதையான ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ தொடரின் மகனாக நாடே அறிந்தவர். போலீஸ் வண்டியைக் குதிரை இழுத்துப் போகும்போது அந்தத் தொடரின் இசையை இசையமைப்பாளர் எரிக் ராஜர்ஸ் ஒரு கீற்றாக நுழைத்திருப்பார். அன்றைய பார்வையாளருக்கு அது கண்ணடித்தது போல இருந்திருக்கும். டாக்டர் வாட்டாக வரும் கென்னத் வில்லியம்ஸின் மூக்கால் இழுக்கும் குரலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்லோபாதமாக வரும் பீட்டர் பட்டர்வொர்த்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற கைதி முகாமில் இருந்தவர் அவர். அங்கேதான் சக கைதியான டால்பட் ராத்வெல்லைச் சந்தித்தார். இருவரும் முகாம் மேடையில் நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். 1943இல் மரக்குதிரை ஒன்றைத் தாண்டும் உடற்பயிற்சியைப் போர்வையாக்கி, அதன் அடியில் சுரங்கம் தோண்டிக் கைதிகள் தப்பிய நிகழ்ச்சியில், மேலே குதித்துக் காவல் காத்தவர்களில் பட்டர்வொர்த்தும் ஒருவர். அந்த நிகழ்ச்சி பிறகு படமானபோது நடிக்கப் போனார். அந்தப் பாத்திரத்துக்குப் பொருத்தமான தோற்றம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பெண்வேடம் போட்டுக்கொண்டு காட்டில் நடுங்கும் இந்தப் போலீஸ்காரரை இப்போது பார்க்கும்போது, அந்த முகாமின் நினைவு எனக்கு விலகுவதே இல்லை. முள்வேலிக்குள் ஒருவரையொருவர் சிரிக்கவைத்த இருவர், இருபது வருடம் கழித்து ஒரு நாட்டையே சிரிக்கவைத்திருக்கிறார்கள்.

தைத்த இடத்தைச் சொல்கிறேன் என்றேன். பங்கின் மனைவி எமிலி. ஜோன் சிம்ஸ் நடித்திருக்கிறார். கணவனை ஓயாமல் நச்சரிப்பவளாகவே எழுதியிருக்கிறார்கள். கணவன் இரவில் எங்கே போகிறான் என்று பின்தொடர்ந்து போய், அவளும் தொட்டியில் இறக்கப்பட்டுப் பொம்மையாகிறாள். கடைசிக் காட்சியில், தொடக்கத்தில் ராட்சதன் காட்டிலிருந்து தூக்கிப்போன டோரிஸும் காதலன் பாட்டரும் திருமணம் செய்துகொண்டு பங் வீட்டுக்கு வருகிறார்கள். பங் வலேரியாவோடு சுகமாக இருக்கிறார். எமிலி பொம்மையாகவே நிற்கிறாள். தியேட்டர் அன்று இதற்குப் பலமாகச் சிரித்திருக்க வேண்டும். என் மகள் சிரிக்கவில்லை. “டோரிஸ் திரும்பி வந்துவிட்டாள், இவரை மட்டும் ஏன் அப்படியே விட்டுவிட்டார்கள்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. ஜோன் சிம்ஸ் அந்த வேடத்தை எவ்வளவு உயிரோட்டமாகச் செய்திருக்கிறார் என்பதால்தான் இன்னும் அதிகமாக வலிக்கிறது. அவ்வளவு குரலும் கோபமும் உள்ள ஒருத்தியை அசையாமல் நிறுத்திவிட்டுப் படம் முடிந்துபோகிறது. அந்தக் காலத்து நகைச்சுவைக்கு மனைவி என்பவள் வாயடைக்கப்பட வேண்டியவள். நீங்கள் அன்று அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள், இன்று கவனிப்பீர்கள். அதற்காகப் படத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நெஞ்சு இடறினால் இடறட்டும்.

பார்க்கும் முறையைப் பற்றிக் கேட்டால், முதல் நாள் ஹேமரின் 1958 டிராகுலாவைப் பார்த்துவிடுங்கள். மறுநாள் விளக்கை அணைத்துவிட்டு இதைப் பாருங்கள். எதைப் பார்த்து எதைச் செய்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் முழுதாகத் தெரியும். இரண்டாவதாக, தொடக்கத்தைத் தவறவிடாதீர்கள். தலைப்புப் பாட்டு ஒன்று வருகிறது. கேட்பவர் பலர் பாட்டர் வேடத்தில் வரும் ஜிம் டேல் பாடியதாகவே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள்; பாடியவர் ரே பில்க்ரிம். பதினேழாம் எண் நாடாவில் இல்லாத அந்தப் பாட்டை நான் முதன்முதலாகக் கேட்டது போன கார்த்திகையில்தான். படத்தில் எனக்குப் புத்தம் புதியதாக இருந்தது அது ஒன்றே. அது முடியும்வரை நான் மூச்சுவிடாமல் இருந்தேன் என்று மகள் சொன்னாள்.

கடைசியாக, அன்று உங்களோடு உட்கார்ந்து பார்த்தவர் யாராவது இருந்தால் அவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அக்கா இப்போது டொராண்டோவில் இருக்கிறார். ஆடி மாதம் இங்கே வரும்போது சேர்ந்து பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். பாட்டு ஒன்று இருப்பது அக்காவுக்கு இன்னும் தெரியாது. நானும் சொல்லவில்லை.